பதினோரு ஆணிகளும் மூன்று படங்களும்

பாம்பணையில் பள்ளிகொண்டும் ஓருயிரின் முறையீட்டையும் கேளாதிராத பெருமானே, அடியேன் எழுதப்போவதில் என்னைக் காத்துக்கொள்ளும் சொல் ஒன்று நுழையப் பார்க்குமாயின் அதை வாசலிலேயே நிறுத்தியருள வேண்டும். உன்னைப் பாடிய இதே வாயால்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். உன் பெயரையும் அதற்குச் சாட்சி வைத்தேன்.

இன்று தை முதல் நாள். உத்தராயணம் பிறந்த புண்ணிய காலம். பெங்களூர்த் தொம்மலூரில் எங்கள் பஜனைக் கூடத்தில் விடியலில் பாசுரம் சொல்லும் மார்கழிக் கோஷ்டி நேற்றுடன் நிறைவெய்தியது. நல்ல செயல்களை இந்நாளில் தொடங்க வேண்டும் என்பர். நான் பணியில் இருந்தவரை, ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்று துணியில் அச்சிட்டு அலுவலக வாசலில் கட்டுவோம். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆண்டு மார்ச்சில் முடிகிறது. அதற்குள் கணக்கை நிரப்ப ஆட்கள் வேண்டும். ஆகவே தையில் வழி பிறக்கும். யாருக்குப் பிறக்கும் என்பதை அந்தத் துணியில் நாங்கள் அச்சிட்டதில்லை.

இதை எழுதக் காரணமானவர் மஞ்சுநாத். ஒருகாலத்தில் என்னிடம் வேலை கற்றவர். இன்று வேறொரு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவை நடத்துகிறார். கார்த்திகையில் தொலைபேசியில் அழைத்தார். புதிதாகச் சேரும் முகவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறதாம். ஓசூர்ப் பக்கமிருந்து தமிழர்கள் நிறைய வருகிறார்களாம். அவர்களுக்கு ஊக்கம் தரும்படி நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். “பெரியவங்க சொன்னா நம்புவாங்க சார்” என்றார். இப்போது நேர்காணல் எவ்வாறு நடக்கிறது என்று கேட்டேன். பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் என்றும், பேசுபவருக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கிவிடும் வசதி அதில் உண்டு என்றும் சொன்னார்.

அப்படியானால் வேலைக்கு வருகிறவர் இனிமேல் நேர்காணல் அறையின் சுவரைப் பார்க்கவே போவதில்லை. அது என்னை உறுத்தியது. மஞ்சுநாத் கேட்ட நாலு பக்கத்தை நான் எழுதவில்லை. எழுதியது இது. இது அவருடைய கையேட்டுக்கு ஆகாது என்று அவரிடமே சொல்லிவிட்டு, நம் கூடத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். இம்மலர் போகும் வீடுகளில் வேலை இழந்தவர்களும், வருவாய் போதாதவர்களும், ‘வீட்டிலிருந்தபடியே மாதம் இவ்வளவு’ என்ற அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை அறிவேன்.

என் தந்தையார் மாநில அரசுப் பணியில் இருந்தவர். மாதத்தின் முதல் நாள் வரும் சம்பளத்தைத் தவிர வேறு வருவாயை எங்கள் வீடு அறியாது. நான் மருந்து நிறுவனப் பிரதிநிதியாகப் பல ஆண்டுகள் பை தூக்கி அலைந்தேன். நாற்பது கடந்தபின் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெங்களூருக் கிளையில் சேர்ந்து, அறுபதில் ஓய்வு பெற்றேன். பயிற்சிக் காலத்தில் கற்றவற்றுள் நினைவில் நிற்பது ஒன்றுதான். பாலிசி விற்பது என் வேலையாக இருக்கவில்லை. விற்கும் முகவர்களைச் சேர்ப்பதே என் வேலை. எனக்கு மாதச் சம்பளம், பயணப்படி, வைப்பு நிதி எல்லாம் உண்டு. நான் சேர்ப்பவருக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வெறுங்கை. இந்த வேற்றுமை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கூடுமானவரை தாமதமாகத் தெரியவேண்டும் என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட கலை. விளம்பரத்தில் ‘நேர்காணல்’ என்று போடுவோம். உறையின் மேல் ‘நியமனம்’ என்று அச்சிடுவோம். உறைக்குள் இருப்பது முகவர் ஒப்பந்தம். அதில் ஊழியர் என்ற சொல், ‘ஊழியர் அல்லர்’ என்று சொல்லும் ஒரே ஓர் இடத்தில்தான் வரும்.

எங்கள் கிளை மேலாளர் சதாசிவ ராவ். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாது. வருகிறவர் யாராயினும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டுவார். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்து முதல் நாளே ‘ஸ்வாமிகளே’ என்று அழைக்கத் தொடங்கினார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. எந்தப் பாதி எப்போது என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒவ்வொரு குழுவும் பயிற்சி முடித்த நாளில் குழுப்படம் எடுக்கப்படும். அதைச் சட்டமிட்டு நேர்காணல் அறையின் சுவரில், வருகிறவர் கண்ணுக்கு நேரே மாட்டுவார்கள். அந்தப் பணியை ராவ் வேறு யாரிடமும் விட்டதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும். அதைச் சட்டத்தின் மேல் வைத்து, குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை திருத்திக்கொண்டிருப்பார். அதேபோல, ஒரு குழுவில் இன்னமும் விற்றுக்கொண்டிருப்பவர்கள் மூன்று பேருக்குக் குறைந்துவிட்டால், சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் போனபின் அந்தப் படத்தைக் கழற்றுபவரும் அவரேதான். கழற்றிய படம் பின்னறையில் தண்ணீர்க் கேன்களுக்குப் பின்னால் போகும். ஆணியை மட்டும் விட்டுவிடுவார். பிடுங்கினால் காரை பெயர்ந்துவிடும் என்பார். பெரும்பாலான படங்கள் இரண்டாவது மார்ச்சைச் சுவரில் பார்த்ததில்லை.

இனி, பத்மாசனியைப் பற்றி. எங்கள் கோஷ்டியில் இரண்டு வரிசைகள் எதிரெதிராக அமரும். பாசுரத்தின் முற்பாதியை ஒரு வரிசை சொல்லும். பிற்பாதியை எதிர்வரிசை சொல்லி முடிக்கும். முற்பாதி வரிசைக்கு நான் தலைமை. அந்நாளில் பிற்பாதி வரிசையைப் பத்மாசனியின் குரல்தான் நடத்திச் செல்லும். நாற்பத்தாறு வயது. விவேக் நகரில் சிறிய தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவந்தாள். அவளுடைய கணவர் ஒரு தனியார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தபின் வேலை போயிற்று. பள்ளிச் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் எட்டவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் கூடத்தில் என்னிடம் வந்து, எங்கள் அலுவலகத்தில் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டாள். அந்தக் காலாண்டுக்கு என் குழுவில் இரண்டு பேர் குறைந்திருந்தார்கள். வரச் சொன்னேன்.

இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளியிலிருந்தே வந்தாள். விரல்களில் சாக்குக்கட்டித் தூள் இருந்தது. ராவ் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். “நம்ம ஸ்வாமிகள் கூட்டிட்டு வந்தவங்க, நான் என்ன கேள்வி கேக்கறது” என்றார். பின்பு வெள்ளைப் பலகையில் வழக்கமான கணக்கைப் போட்டுக் காட்டினார். வாரத்துக்கு மூன்று வீடு, மாதத்துக்குப் பன்னிரண்டு பாலிசி, அதற்கான கமிஷன். பள்ளிச் சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு வந்தது. அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே சுவரைப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. பாசுரம் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“சார், பதினோரு ஆணி இருக்கு. படம் மூணுதான் மாட்டியிருக்கு. மத்த எட்டு ஆணி எதுக்கு?”

அத்தனை ஆண்டுகளில் எவரும் கேட்டிராத கேள்வி. பயிற்சி ஏடுகளில் அதற்குப் பதில் இல்லை. ராவ் என்னைப் பார்த்தார். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

“இனிமே வரப்போற படங்களுக்கும்மா. முன்னாடியே அடிச்சு வெச்சிருக்கோம்” என்றேன்.

அவள் வெளியே போனதும் ராவ் பலகையை நிதானமாக அழித்தார். “நல்ல பதில் ஸ்வாமிகளே. இத்தனை வருஷமா எனக்குத் தோணவேயில்லை” என்றார். அன்றிலிருந்து வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் அவராகவே அதைச் சொல்லத் தொடங்கினார். வளரும் நிறுவனம் என்பதற்கு அந்த ஆணிகளே அத்தாட்சி ஆயின.

மாடிப்படியில் பத்மாசனி நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

“மாமா, அவர் போட்ட கணக்கை நான் எடுத்துக்கலை. நீங்க சொல்லுங்கோ. இது நடக்குமா, நடக்காதா? நடக்கும்னா நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன். நடக்காதுன்னா இப்பவே திரும்பிப் போயிடறேன். மத்தியானம் கிளாஸ் இருக்கு.”

“பெருமாள் இருக்கார். நடக்கும்” என்றேன்.

அந்தப் படியில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியவை பல. ராவ் போட்ட கணக்கில் வருவது முதல் ஆண்டுக் கமிஷன். இரண்டாம் ஆண்டில் அது சுருங்கி ஒரு சிறு துண்டாகிவிடும். ஆகவே அந்த வருவாய் தொடர வேண்டுமானால் ஆண்டுதோறும் அத்தனை புதியவர்கள் வேண்டும். தெரிந்தவர்கள் ஒருமுறைதான் தெரிந்தவர்கள். முகவர் உரிமத் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அவள் கையிலிருந்து போகும் என்று சொல்லியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு இதே ஐப்பசியில் சேர்ந்தவர்களில் இன்று யார் இருக்கிறார், அவருடைய வீடு எங்கே, போய்ப் பேசிவிட்டு வா என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகவராவதற்குப் பள்ளியை விடத் தேவையே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. மாலையில் இரண்டு மணி நேரம், ஞாயிறு முழுதும் என்று செய்து பார்த்து, ஓராண்டு கழித்து முடிவு செய்திருக்கலாம். நிறுவனத்துக்குத்தான் அது ஒவ்வாது. மார்ச்சுக்குள் அவளுக்குத் தெரிந்த வீடுகள் எல்லாம் தீர்ந்தாக வேண்டும். அதற்கு முழு நாளும் வேண்டும். இவை அனைத்தும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட எனக்கு இல்லை.

அவள் ராஜினாமா கொடுத்தாள்.

பயிற்சியின் இரண்டாம் நாள் ஒவ்வொருவருக்கும் நூறு கோடுகள் போட்ட தாள் தரப்படும். தெரிந்தவர் பெயர், எப்படித் தெரியும், எத்தனை ஆண்டாகத் தெரியும், ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்க முடியுமா என்று நான்கு கட்டங்கள். நூறு கோடும் நிரம்பினால்தான் தேநீர் வரும். இது எழுதப்படாத விதி. பெரும்பாலோர் முப்பது பெயர் வரை வேகமாக எழுதுவார்கள். அதன்பின் ஜன்னலைப் பார்ப்பார்கள். மறந்துபோன அத்தை மகன், பழைய வீட்டுக்காரர், பிள்ளையின் வகுப்புத் தோழனின் தகப்பனார் என்று ஒவ்வொருவராக வந்து அமர்வார்கள். பத்மாசனி ஐம்பத்தெட்டில் நின்றுவிட்டாள். மற்ற இருபத்தோரு பேரும் தேநீருக்காக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் குனிந்து, “கோஷ்டி?” என்று கேட்டேன்.

“அவா பெருமாளுக்காக வரா மாமா.”

“அவாளுக்கும் ஆயுள்னு ஒண்ணு உண்டே” என்றேன். அறை முழுதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். நாற்பத்திரண்டு பெயர்களை எழுதினாள். தேநீர் வந்தது.

பயிற்சி முடிந்த நாளின் குழுப்படத்தில் ராவ் அவளை நடு நாற்காலியில் அமர்த்தினார். மறுவாரம் அந்தப் படம் மேல் வரிசையில் நான்காவது ஆணியில் மாட்டப்பட்டது. குமிழ் நடுவில் நிற்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். “பார்த்தேளா, நீங்க சொன்ன மாதிரியே ஆணிக்குப் படம் வந்துடுத்து” என்று என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னாள்.

பிறகு மார்கழி வந்தது. எங்கள் கூடத்தின் வழக்கம் இம்மலரின் வாசகர்களுக்குப் புதிதன்று, என்றாலும் சொல்கிறேன். மார்கழியில் கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர் கை நீட்டினால் மற்றவர் இல்லை என்று சொல்வதில்லை. விளக்குக்கான எண்ணெய்க்கு ஒருவர், ஒரு நாள் பொங்கலுக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர். கொடுத்தால் அது அந்த ஆண்டின் உபயம். கொடுத்ததோடு முடிந்தது. மறுபடி எவரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. பேசினால் கைங்கரியம் பழுதாகிவிடும். பத்மாசனி அந்த மாதத்தில்தான் படிவங்களோடு வந்தாள். விடியலில் நிறைவுப் பாசுரமான சாற்றுமுறை முடிந்து, தொன்னையில் பொங்கலை வாங்கிக்கொண்டு, அதே கையைத் துடைத்துவிட்டு எல்லோரும் கையெழுத்திட்டார்கள். வாசலில் பூக்கட்டும் கோவிந்தம்மாள் காதிலிருந்த கம்மலை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டினாள். முப்பத்தொரு குடும்பங்கள் எடுத்தன.

பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து கட்ட வேண்டும் என்று பத்மாசனி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கணக்கு டீச்சருக்கே உரிய முறையில், விரல் மடக்கிச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மார்கழியில், பெருமாள் சந்நிதியில், நம்மவள் ஒருத்தி கேட்கிறாள். கொடுக்கிறவன் காது அங்கே எதைக் கேட்கும்? கோஷ்டியின் வழக்கத்தையும் காப்பீட்டின் வழக்கத்தையும் ஒருசேர அறிந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவனே. முதல் தவணையை இவர்கள் உபயமாகத்தான் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ராவிடம் சொன்னேன். “முதல் வருஷம் வந்தாப் போதும் ஸ்வாமிகளே. ரெண்டாவது வருஷம் ரெண்டாவது வருஷம்” என்றார்.

மார்ச்சில் விற்பனையில் கிளைக்கே முதலாவதாக வந்தாள். சால்வை போர்த்தினார்கள். நான் கைதட்டினேன். சித்திரையிலிருந்து அவளுக்குப் போக வீடு இல்லை. நூறு கோடுகளும் தீர்ந்திருந்தன. முன்பின் அறியாத அடுக்குமாடிகளின் காவலாளிகள் அவளை உள்ளே விடவில்லை.

அடுத்த மார்கழி பிறந்ததும் இரண்டாம் தவணைக்கான அறிவிப்புகள் தபாலில் வந்தன. கூடத்தில் முதலில் வியப்புதான் எழுந்தது. போன மார்கழிக்குத்தானே கொடுத்தோம், மறுபடி எதற்கு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஓராண்டு மட்டும் கட்டி விட்டுவிட்டால் கட்டிய பணத்தில் ஒரு காசும் திரும்ப வராது என்று தெரிந்தபோது வியப்பு வேறாயிற்று. பத்மாசனி கையில் இருந்ததைக் கொண்டு ஆறு பேருக்குத் தானே கட்டினாள். அதில் கோவிந்தம்மாளும் ஒருத்தி. அத்துடன் அவளிடம் இருந்தது தீர்ந்தது. மற்றவை காலாவதியாயின. ஒரு விடியலில், சாற்றுமுறைக்கு முன்பாக, பெரியவர் ஒருவர் எல்லோரும் கேட்கும்படி “சந்நிதியிலேயே கடை போட்டவள்” என்றார். அவள் கைப்புத்தகத்தை மூடினாள். அன்று பிற்பாதி முழுதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். மறுநாள் வரவில்லை. நான் முற்பாதியைச் சொல்லி நிறுத்தியபோது எதிர்வரிசை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறியது.

விவேக் நகர்ப் பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியை அன்பாகவே பேசினாராம். ஆனால் அவளுடைய இடத்துக்கு வந்தவர் நன்றாக நடத்துகிறாராம்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. கிளையில் ராவும் நானும் மட்டும் இருந்தோம். அவருக்குக் கைவலி. சட்டத்தை ஒருபக்கம் பிடிக்கச் சொன்னார். நான்காவது ஆணியிலிருந்து படம் இறங்கியது. இருபத்திரண்டு பேரில் இருவர் மிஞ்சியிருந்தார்கள். படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, “ஆயித்து ஸ்வாமிகளே” என்றார். முடிந்தது என்பதைக் கன்னடத்தில் அவர் அவ்வளவு மென்மையாகச் சொல்வார். நான் படத்தைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் கேன்களுக்குப் பின்னால் வைத்தேன்.

அந்த வாரமே அவளுடைய வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தாள். கணவர் கட்டிலில் சாய்ந்தபடி இடக்கையால் வணங்க முயன்றார். பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கழற்றிவிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றேன்.

“அப்போ அந்த எட்டு ஆணியும் கழட்டின படத்துக்குத்தான்.”

நான் தலை குனிந்தேன்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மாமா. கோஷ்டியில ஒரு நாள் எழுந்து நின்னு இதைச் சொல்லுங்கோ. நான் தெரிஞ்சே அவாளை ஏமாத்தலைன்னு தெரிஞ்சாப் போறும். நான் திரும்பி வந்து பாடலாம்.”

சொல்கிறேன் என்று வாக்களித்தேன். ஓய்வு பெற எனக்குப் பதினாலு மாதங்கள் இருந்தன. கோஷ்டியில் சொல்வது கிளைக்கு எட்டும். கிளைக்கு எட்டினால் பணிக்கொடை என்னாகுமோ என்று அஞ்சினேன். இந்த மார்கழி போகட்டும், அடுத்த மார்கழியில் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர்கள் வாடகை குறைவு என்று நகரத்துக்கு வெளியே ஆனேக்கலுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு சிறு பள்ளியில், முன்னையதைவிடக் குறைந்த சம்பளத்தில், முதல் நாளிலிருந்து தொடங்கும் புதிய ஆசிரியையாகச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குப் பணிக்கொடை குறையாமல் வந்தது. பிரிவுபசாரத்தில் சந்தன மாலை போட்டார்கள். ராவ் என்னைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார். அந்த விழாவின் படத்தை அவரே மாட்டினார். மேல் வரிசையில் நான்காவது ஆணி. குமிழ் நடுவில் நின்றது. நான் நன்றி சொன்னேன்.

அதன்பின் ஆறு மார்கழிகள் வந்து போயின. ஓய்வு பெற்றவனுக்கு அஞ்ச ஒன்றுமில்லை. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. அச்சம் போனபின் வெட்கம் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. மஞ்சுநாத் அழைத்தபின்தான், வருகிறவர்கள் இனிச் சுவரைக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தபின்தான், எழுத உட்கார்ந்தேன். எழுதியதை அவளுடைய அனுமதியின்றி அச்சிடலாகாது என்று ஆனேக்கல் முகவரியைத் தேடிப்பிடித்துத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தது. கடிதம் ஏதும் இல்லை. என் கைப்பிரதி மட்டும், சிவப்பு மையால் திருத்தப்பட்டு. மாடிப்படியில் நடந்ததை எழுதிய இடத்தில் நான் ‘அவள் என்னை நம்பினாள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘நம்பவில்லை, கேட்டேன்’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியை எடுத்துவிட்டேன். பேதை ஒருத்தி ஏமாந்தாள் என்று கதை சொல்ல எனக்கு வசதியாக இருந்தது. அவள் பேதை அல்லள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நாளில் எண்ணிக் கேட்டவள். கடைசிப் பக்கத்தின் அடியில், விடைத்தாளில் மதிப்பெண் போடும் இடத்தில், இப்படி இருந்தது: ‘விவரம் சரி. அச்சிடலாம். அதற்கு முன் கோஷ்டியில் படிக்கவும்.’

நேற்று, மார்கழியின் கடைசி விடியலில், சாற்றுமுறை முடிந்ததும் எழுந்து நின்று படித்தேன். அன்றைய முகங்களில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். ‘கடை போட்டவள்’ என்று சொன்ன பெரியவர் காலமாகி மூன்று ஆண்டாகிறது. மற்றவர்கள் புதிய குடியிருப்புகளிலிருந்து வருகிற இளையவர்கள். யாருடைய கதை இது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டார்கள். படித்து முடித்தேன். ஒருவர் கைப்புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். கோவிந்தம்மாள் மட்டும் வாசற்படியில் பூக்கூடையோடு நின்றிருந்தவள், உள்ளே வராமலே பேசினாள்.

“போன பணம் போச்சு சாமி, அதை நாங்க மறந்துட்டோம். டீச்சரம்மா எனக்குத் தன் கைக்காசு கட்டினது மட்டும் மறக்கலை. இதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அவங்க இங்கயே பாடிட்டு இருந்திருப்பாங்க. இப்ப யாருக்குப் படிக்கறீங்க?”

பொங்கல் வழங்கத் தொடங்கினார்கள். அவள் தொன்னையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதையும் இங்கே சேர்த்து, பத்மாசனி திருத்தியபடியே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் மாதத்தின் முதல் நாள் குறையாமல் விடியட்டும். வேலை தேடிப் போகும் இடத்தில் உங்கள் கண்கள் ஆணிகளை எண்ணட்டும். அதன் விடையை, படத்தை மாட்டுபவனிடம் கேளாமல், கழற்றப்பட்ட படத்தில் இருந்த ஒருவரிடம், அவர் ஆனேக்கலில் இருந்தாலும் பேருந்தேறிப் போய்க் கேட்கும் பொறுமையைப் பெருமான் உங்களுக்குத் தந்தருளட்டும். கேள்வி உங்களிடம் வரும் நாளில், உண்மையை அன்றைக்கே சொல்லும் வாயையும் தரட்டும். நீங்களும் உங்கள் குடும்பமும் நீடூழி வாழ்க.